மூன்றாவது வாக்கு: பேராக் தரும் சாட்சியம்

கூடுதல் வாக்கு பெற்றவருக்கே தொகுதி என்ற முறையில் மூன்றாவது கட்சிக்குப் போடும் வாக்கு வீண் என்பது மலேசியத் தேர்தல் மேடைகளில் பழகிய பேச்சு. அதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 1955 கூட்டரசுத் தேர்தலில் 52 இடங்களில் 51ஐக் கூட்டணிக் கட்சி வாரிக்கொண்டது. கைநழுவிய ஒரே இடம் பேராக் மாநிலத்தின் கிரியான். அங்கே வென்றது பாஸ் எனும் இஸ்லாமியக் கட்சி. அதே பேராக்கில் அதற்குப் பிறகு நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், பெரிய அணிகளுக்கு வெளியே விழும் வாக்கு எப்போது பலிக்கிறது, எப்போது காற்றோடு போகிறது என்பது துலங்கும். கட்சி பெரிதா சிறிதா என்பதைவிட, அதன் வாக்குகள் ஓரிடத்தில் திரண்டிருக்கின்றனவா, யாருடைய சின்னத்தில் விழுகின்றன என்ற இரண்டுமே முடிவைத் தீர்மானித்திருக்கின்றன.

முதல் சான்று ஈப்போ. இலங்கைத் தமிழ் வம்சாவளியினரான வழக்கறிஞர்கள் டி.ஆர். சீனிவாசகமும் எஸ்.பி. சீனிவாசகமும் முன்னின்று 1953இல் இங்கே தொடங்கிய கட்சிதான் மக்கள் முற்போக்குக் கட்சி. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என இன வாரியாகப் பங்கு பிரித்துக்கொண்ட கூட்டணிக்கு வெளியே நின்று, சம குடியுரிமை கேட்டது. சீனமும் தமிழும் ஆட்சிமொழிகளாக வேண்டும் என்றது. ஈயச் சுரங்கங்களும், கம்யூனிஸ்டு எழுச்சிக்கு எதிரான அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமங்களும் நிறைந்த, ஈப்போ அமைந்துள்ள கிந்தா பள்ளத்தாக்கின் சீன வாக்காளர்கள் இந்தத் தமிழ்ச் சகோதரர்களின் பின்னால் திரண்டார்கள். 1957 இடைத்தேர்தலில் டி.ஆர். ஈப்போவைக் கைப்பற்றினார். 1959இல் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் 4 இடங்கள் கிடைத்தன. 1964இல் 104 இடங்களில் 89ஐக் கூட்டணி வென்றபோதும் ஈப்போவும் மெங்லெம்புவும் அசையவில்லை. நாடு முழுக்கச் சிதறியிருந்தால் ஓர் இடமும் தேறாத வாக்குகள், ஒரு பள்ளத்தாக்கில் குவிந்திருந்ததால் பலித்தன.

இரண்டு இடங்களை வைத்துக்கொண்டு என்ன சாதிக்க முடியும் என்ற கேள்வி எழலாம். டி.ஆர். ஓர் அமைச்சர் மீது ஊழல் குற்றம் சாட்டினார். நாடாளுமன்றத்தின் சட்டப் பாதுகாப்புக்கு வெளியே வந்தும் அதைத் திரும்பச் சொன்னார். அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் அவதூறு வழக்குத் தொடுத்துத் தோற்றார், பதவியையும் விட்டார். ஆளும் அணியின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஓர் உறுப்பினரிடம் இதை எதிர்பார்த்திருக்க முடியாது. 1969இல் டி.ஆர். மறைந்த சில வாரங்களில் நடந்த தேர்தலில், மற்ற எதிர்க்கட்சிகளோடு தொகுதி உடன்பாடு கண்ட மக்கள் முற்போக்குக் கட்சி, பேராக் சட்டமன்றத்தின் 40 இடங்களில் 12ஐ வென்றது. கூட்டணிக்குக் கிடைத்தவை 19. தனிப் பெரும்பான்மை இல்லை.

மூன்றாவது கட்சி கடைசியில் பெரிய அணியில்தானே கரையும் என்ற ஆட்சேபத்துக்கும் இதே கட்சிதான் சான்று. 1972இல் அது மாநில ஆட்சியில் பங்கேற்றது. பின்னர் கூட்டணியின் வழிவந்த தேசிய முன்னணிக்குள் போனது. ஆனால் வாக்காளர்கள் கூடவே போகவில்லை. 1974இல் மெங்லெம்புவில் எஸ்.பி.யே எதிர்க்கட்சியான ஜனநாயகச் செயல் கட்சியிடம் தோற்றார். கரைந்தது கட்சி, அதற்கு விழுந்த வாக்கு இன்னொரு வீட்டைத் தேடிக்கொண்டது.

இரண்டாவது சான்று இதே பேராக்கின் சுங்கை சிப்புட். துன் வீ.தி. சம்பந்தனுக்குப் பிறகு, 1974 முதல் ச. சாமிவேலுவின் கையில் இருந்த, தேசிய முன்னணியின் மலேசிய இந்திய காங்கிரஸ் (ம.இ.கா.) கோட்டை இது. தோட்டத் துண்டாடலும் பின்னாளில் ரப்பர் நிலங்கள் கைமாறியதும் பாட்டாளிகளை லயங்களிலிருந்து வெளியேற்றியபோது, வீட்டுக்காகவும் மாதச் சம்பளத்துக்காகவும் அவர்களோடு நின்றவர்களில் மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜ் ஒருவர். அவருடைய மலேசிய சோசலிஸ்ட் கட்சி 1998இல் விண்ணப்பித்தும் பத்தாண்டுகள் பதிவு பெறவில்லை. அதனால் 2008 மார்ச்சில் அவர் எதிரணியிலிருந்த மக்கள் நீதிக் கட்சியின் (பி.கே.ஆர்.) சின்னத்தில் நின்று 1,821 வாக்குகள் வித்தியாசத்தில் சாமிவேலுவைத் தோற்கடித்தார். 2013இலும் அதே சின்னத்தில் வென்றார். 2018இல் சொந்தச் சின்னத்தில் நின்றபோது கிடைத்தவை 1,505 வாக்குகள், வைப்புத்தொகையும் போனது. ஆள் அதே ஆள், தொகுதி அதே தொகுதி. தோட்ட மக்களின் நன்றி பொய்யில்லை. ஆனால் இந்தியர்கள் சிறுபான்மையாக உள்ள தொகுதியில் அந்த நன்றி மட்டும் வெற்றி தராது. முந்தைய பெரும்பான்மை பெருமளவும் அணியின் சின்னத்துக்கு விழுந்தது என்பதை இந்தத் தேர்தல் காட்டிவிட்டது. இரவல் சின்னம் இடத்தைத் தந்தது, வேரைத் தரவில்லை.

மூன்றாவது கட்சியினர் வாக்கைப் பிரித்து எதிராளிக்கு வழிவிடுகிறார்கள் என்பது வலுவான ஆட்சேபம். 2018 கணக்கு அதற்கு இடம் தரவில்லை: பி.கே.ஆர். வேட்பாளர் 5,607 வாக்குகள் முன்னிலையில் வென்றார். ஆனால் 2022இல் இதே தொகுதியில் வித்தியாசம் 1,846தான். இழுபறித் தொகுதியில் சில நூறு வாக்குகள்கூட முடிவை மாற்றலாம் என்பதை மறுக்க முடியாது. அங்கே வாக்காளர் தயங்குவது கோழைத்தனம் அல்ல, கணக்கு. ஆனால் அந்தக் கணக்கை எல்லாத் தொகுதிக்கும் எல்லாக் காலத்துக்கும் விதியாக்கினால், 1957இல் ஈப்போவிலும் புதியவர் எவரும் முளைத்திருக்க முடியாது.

மூன்றாமிடம் சிறிய கட்சிகளுக்கென்று எழுதிவைத்ததும் அல்ல. 2022இல் பேராக் சட்டமன்றத்தின் 59 இடங்களில் பெரிக்காத்தான் நேஷனல் அணி 26, பி.கே.ஆர். இடம்பெற்ற பக்காத்தான் ஹராப்பான் அணி 24, தேசிய முன்னணி 9 பெற்றன. பல தலைமுறை ஆண்ட அணி மூன்றாவதாக வந்தது. ஆனாலும் பக்காத்தானோடு சேர்ந்து மந்திரி பெசார் (மாநில முதல்வர்) பதவியைத் தக்கவைத்துக்கொண்டது. அந்த 9 இடங்களுக்கு விழுந்த வாக்குகளை வீண் என்று எந்த மேடையும் சொல்லவில்லை. வீண் என்ற சொல்லைப் பெரிய அணிகள் தமக்கு வராத வாக்குக்கே வைத்திருக்கின்றன. வாக்காளர் கேட்க வேண்டியது வேறு: இந்த ஊரில் இவர்களுக்கு ஆள்பலம் திரண்டிருக்கிறதா, வென்றபின் இவர்கள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள்? இந்த இரண்டுக்கும் நிறைவான பதில் கிடைத்தால், மூன்றாவது பெயருக்கு நேரே இடும் குறியும் முழு வாக்குதான்.