பிடியரிசியும் கம்பஸ் காசும்

மாத்தளையில் எங்கட உம்மா உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை வேறு பானையில் போடுவா. அது மத்ரஸாவின் பங்கு. நமது கல்வி நிதிகளின் வரலாற்றைப் படிக்கையில் அந்தப் பானைதான் நினைவுக்கு வரும்.

1942இல், போர்க்காலத்தில், உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்குச் சென்ற ஏ.எம்.ஏ. அஸீஸ் அங்கே முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவானது. இலவசக் கல்வி வந்த காலமும் அதுவே. கட்டணம் போனாலும் தங்குமிடச் செலவும் புத்தகச் செலவும் போகவில்லையே! வசதியற்ற மாணவருக்கு அந்த நிதி கைகொடுத்தது.

தர்மம் பணக்காரர் வேலை என்று பிள்ளைகளை நாமே பழக்கிவிட்டோம். ஸகாத்துக்குத்தான் நிஸாப் உண்டு, ஸதகாவுக்கு இல்லை.

சென்ற வருடம் என்னிடம் படித்த பிள்ளையொன்று பேராதனைக்குத் தெரிவாகியும் போர்டிங் முற்பணமின்றித் தயங்கி நின்றா. ஊர்ச் செல்வந்தரிடம் கேட்க வெட்கம். கம்பஸில் படிக்கும் எங்களூர்ப் பிள்ளைகள் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டார்கள்.

"எங்களுக்குத் திருப்பித் தர வேணாம். அடுத்த வருஷம் வாற பிள்ளைக்குக் குடுங்க" என்றார்களாம்.

இந்த வருடம் அவ தன் ஐந்நூறோடு வந்து, கணக்கெழுத ஒரு கொப்பி கேட்டா. பாதி எழுதிய சீ.ஆர். கொப்பிதான் என்னிடம் இருந்தது. அதைக் கொடுத்தேன்.