இழுத்தால் நீளும் நூல்: கிண்டியில் வரைந்த ஒரு வரைபடம்

கம்பம் பள்ளத்தாக்குல திராட்சைப் பந்தலுக்கு அடியில வேலை பாக்குறவங்களைக் கவனிச்சிருக்கீங்களா? கவாத்து பண்ணாலும் சரி, கொத்து வெட்டினாலும் சரி, கை மேலேயேதான் இருக்கும். கை ஏறி இறங்குற ஒவ்வொரு தடவையும் தசை இழைகள் நீண்டு சுருங்கும். அதுக்குள்ள டைட்டின்னு ஒரு ராட்சசப் புரதம் இருக்கு. அதுல பிஇவிகேங்கிற பகுதிக்கு நிலையான வடிவமே கிடையாது. பிளஸ், மைனஸ் மின்னூட்டங்கள் கலந்த ஒரு தொளதொள நூல். இழுத்தா நீளும், விட்டா சுருளும்.

ஏன் சுருளணும்? உள்ள ஸ்பிரிங் எதுவும் இல்லை. பையில போட்ட இயர்போன் ஒயர் மாதிரிதான். சுருண்டு கிடக்க ஆயிரம் வழி இருக்கு, நேரா நிக்க ஒரே வழி. இழுக்கிறதுன்னா அந்த வழிகளைப் பறிக்கிறது. அப்போ ஒரு கேள்வி வருது: புரதச் சங்கிலி எந்தெந்தப் பக்கம் மடங்க முடியும்?

இதுக்குப் பதில் சென்னையில கிடைச்சது. எர்ணாகுளத்துல பிறந்த ஜி.என். ராமச்சந்திரன் 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரா வந்தார். கிண்டி வளாகத்துக்குப் பக்கத்துலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். தோல், தசைநாண் எல்லாத்துக்கும் பலம் கொடுக்கிற கொலாஜன் புரதத்தை அவர் கையில எடுத்தார். கங்காருவோட வால் தசைநாணைக்கூட எக்ஸ்ரேயில பாத்தாங்க. கோபிநாத் கர்த்தாவோட சேர்ந்து 1954, 1955-ல் நேச்சர் இதழ்ல எழுதினார்: கொலாஜன் மூணு இழை சேர்ந்து முறுக்கின கயிறு.

உடனே கேம்பிரிட்ஜ் பக்கமிருந்து எதிர்ப்பு. பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்ஸாண்டர் ரிச்சும், உங்க மாதிரியில அணுக்கள் ரொம்ப நெருக்கி நிக்குதுன்னு சொல்லி, இழைகளுக்கு நடுவுல ஹைட்ரஜன் பிணைப்பு குறைவா இருக்கிற வேற மாதிரியைக் கொடுத்தாங்க. அந்தப் பிணைப்பு விஷயத்துல அவங்க சொன்னதுதான் சரி, 1994-ல் வந்த படிகப் படம் அதைக் காட்டிடுச்சு. ஆனா மூணு இழைங்கிற அடிப்படை யோசனை கிண்டியோடது. அதைப் பலர் விட்டுட்டுப் பேசுறது எனக்கு ஒப்பலை.

ராமச்சந்திரன் அந்த எதிர்ப்பையே கேள்வியா மாத்தினார். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? ராமகிருஷ்ணன், சசிசேகரன் ரெண்டு பேரோட கணக்குப் போட்டு 1963-ல் ஒரு வரைபடம் வெளியிட்டார். சங்கிலியோட ரெண்டு திருகு கோணங்கள்தான் அதோட அச்சுகள். பெரும்பகுதி தடை செய்யப்பட்ட இடம், சில தீவுகள் மட்டும் அனுமதி. ஒழுங்கான புரதம் ஒரு தீவுல உட்கார்ந்துக்கும். பிஇவிகே மாதிரி நூல் தீவுக்குத் தீவு தாவிக்கிட்டே இருக்கும். அந்தத் தாவலை ஒடுக்குறதுதான் இழுவிசை.

மின்னூட்டம் சேர்ந்தா கதை மாறும். ஒரே மின்னூட்டம் உள்ள கண்ணிகள் ஒண்ணையொண்ணு தள்ளும், அதனால சங்கிலி முன்னாடியே கொஞ்சம் விரிஞ்சு நிக்கும். உப்பு சேர்த்தா அந்தத் தள்ளல் மறைக்கப்படும், நூல் சுருங்கும். ஆனாலும் கண்ணிகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏற முடியாது. இப்படித் தன்னைத் தானே விலக்குற சங்கிலியை மெல்ல இழுத்தா என்ன ஆகும்னு 1976-ல் பிலிப் பிங்கஸ் கணக்குப் போட்டார்: விசையை 8 மடங்கு கூட்டினா நீளம் 4 மடங்குதான் கூடும். 2009-ல் சாண்டா பார்பராவுல ஒமர் சாலே குழு, மின்னூட்டம் உள்ள ஒற்றை இழை டிஎன்ஏவைக் காந்தத்தால இழுத்து, கிட்டத்தட்ட அதே கணக்கைக் கண்ணால பாத்துச்சு. அந்தக் கட்டுரை ஆசிரியர்கள்ல பிங்கஸும் ஒருத்தர். 33 வருஷம் கழிச்சு.