தரிசும் அனுமதியும்

எவர்க்கும் உரிமையின்றி, பயனற்றுக் கிடக்கும் தரிசை அரபு மொழியில் 'மவாத்' என்பர். உயிரற்றது என்பது பொருள். அதனைப் பண்படுத்துவது 'இஹ்யா', அதாவது உயிர்ப்பித்தல். உயிர்ப்பித்தவருக்கே நிலம் உரியது என்பது நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்த நெறி. ஆயின், அதற்கு ஆட்சியாளரின் அனுமதி வேண்டுமா?

வேண்டும் என்றார்கள் இமாம் அபூஹனீபா (ரஹ்) (மறைவு 767). வேண்டியதில்லை என்றார்கள் அன்னாரின் மாணவர் இமாம் அபூயூசுப் (ரஹ்); நாயகம் அளித்த அனுமதியே இறுதி நாள்வரை நிலைத்திருக்கிறது என்பது அவர்களின் வாதம். எனினும், கலீபா ஹாரூன் ரஷீதுக்காக (786–809) எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில் தம் ஆசிரியரின் காரணத்தையும் அவர்களே விளக்குகிறார்கள்: ஒரே இடத்தை இருவர் விரும்பினால் பூசல் எழும்; அனுமதி அதனைத் தடுக்கும். ஊரை அடுத்த நிலத்துக்கு மட்டும் அனுமதி வேண்டும் என்று இமாம் மாலிக் (ரஹ்) நடுவழி கண்டார்கள்.

அனுமதி மட்டும் போதுமா? மதீனாவை அடுத்த அகீக் பள்ளத்தாக்கை நாயகம் (ஸல்) அவர்கள் பிலால் இப்னு ஹாரித் (ரலி) அவர்களுக்கு வழங்கியிருந்தார்கள். கலீபா உமர் (ரலி) (634–644) அவரை அழைத்து, பயிரிட இயன்ற அளவை மட்டும் அவரிடம் விட்டு, எஞ்சியதை மக்களுக்குப் பங்கிட்டார்கள். கல் நட்டு எல்லையிட்டவரின் முன்னுரிமையும் மூன்றாண்டுகளே.

ஒப்புதல் முத்திரை விழுந்ததுமே, மண்வெட்டி படாத நிலத்தின் விலை ஏறும் காலம் இது. அச்சட்ட மேதைகள் அனுமதியை இகழவில்லை; பூசலைத் தவிர்க்கும் அரணாகவே மதித்தனர். ஆனால், நிலத்துக்கு உயிரூட்டுவது உழைப்பேயன்றி முத்திரையன்று என்பதை அவர்கள் மறக்கவுமில்லை.