வீத்தோல்ஸும் ஒளிக் கோட்டையும்

ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்கும் ஜெர்மானியப் பிரபுக்களின் நிலவுடைமைக்கும் ஒருங்கே கட்டுண்டு, தமக்கென ஓர் அரசோ உயர் கலாசாலையோ இல்லாதிருந்த காலத்திலும், லாத்விய ஜனங்கள் விதைப்பு முதல் விவாகம் வரை வாழ்வின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பாட்டைப் போற்றிக் காத்துவந்தார்கள். அந்தப் பாட்டுச் செல்வத்தைச் சாஸ்திரீய சங்கீதத்தின் உயர்நிலைக்குக் கொண்டுசென்றவர்களுள் தலையாயவர், 1863-இல் வால்மியெரா நகரில் ஓர் ஆசிரியரின் மகனாகப் பிறந்த யாஸெப்ஸ் வீத்தோல்ஸ்.

பீட்டர்ஸ்பர்க் சங்கீதக் கலாசாலையில் ரிம்ஸ்கி-கோர்ஸகோவிடம் பயின்று, 1886-இல் தேர்ச்சி பெற்றதும் அங்கேயே போதகராக அமர்ந்த அவர், முப்பதாண்டுகளுக்கு மேல் அப்பணியில் நிலைத்திருந்தார். பின்னாளில் உலகப் பிரசித்தி பெற்ற புரோகோஃபியெவும் மியாஸ்கோவ்ஸ்கியும் அவரிடம் பாடங் கேட்டவர்களே. கிளாஸுனோவ், லியாதோவ் போன்றோரின் நட்பும் தலைநகரத்துக் கௌரவமும் கைவந்திருந்தும், அவர் உள்ளம் தாய்மொழியையே நாடிற்று. இளமையிலேயே மறைந்த கவிஞர் அவுஸெக்லிஸின் செய்யுளுக்கு 1899-இல் அவர் இசை வகுத்த ‘ஒளிக் கோட்டை’, வாத்தியத் துணை எதுவுமின்றி ஆண் பெண் குரல்கள் மட்டுமே சேர்ந்து பாடுவது. அமிழ்ந்துபோன கோட்டையொன்று, மறந்துபோன அதன் பெயரை யாரேனும் கண்டு சொல்லும் நாளில் மீண்டும் எழும் என்பது அதன் கதை.

1918-இல் லாத்வியா சுதந்திர நாடாகியதும் தாயகம் திரும்பிய வீத்தோல்ஸ், மறு ஆண்டே ரீகாவில் லாத்வியாவின் முதல் சங்கீத உயர் கலாசாலையை ஸ்தாபித்து, சிறிது இடைவெளி தவிர 1944 வரை அதன் தலைவராக விளங்கினார். அவ்வாண்டு யுத்தம் அவரை முதுமையில் அகதியாக்கி ஜெர்மனிக்குத் துரத்த, 1948-இல் லூபெக் நகரில் காலமானார்.

பின்னர் லாத்வியா சோவியத் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலத்தில், 1985-ஆம் ஆண்டு லாத்வியப் பாட்டு விழாவின் நிரலிலிருந்து ‘ஒளிக் கோட்டை’ விலக்கப்பட்டது. ஆயினும் இறுதிக் கச்சேரியில் பாடகர் கூட்டம், ஒதுக்கப்பட்டிருந்த முதிய பாடற்குழு நடத்துநர் ஹரால்ட்ஸ் மெத்னிஸை மேடைக்கு அழைத்து, அவர் கையசைவுக்கு அப்பாடலைப் பாடியே தீர்த்தது. சுதந்திரம் மீண்டபின், 1993-இல், வீத்தோல்ஸின் உடல் எச்சங்களும் ரீகாவின் மண்ணுக்கு வந்து சேர்ந்தன. அவர் நிறுவிய கலாசாலை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

பெரும் வாத்தியக் குழுவுக்கு எழுதும் வித்தையைக் கரைகண்டவர், தம் சிறந்த சிருஷ்டியை வெறுங் குரல்களிடம் ஒப்படைத்தார். அரங்கையும் நிரலையும் அதிகாரம் கைப்பற்றலாம். ஆயிரக்கணக்கானோர் மனப்பாடமாக அறிந்த பாட்டை அது கைப்பற்ற இயலாது. அவருடைய கொடையின் பெருமை, இங்கேதான் இருக்கிறது.