கோலார் தங்கவயலின் நில அதிர்வுகள்: ஒரு பெயர்மாற்றத்தின் வரலாறு

தீபகற்ப இந்தியாவின் நில அதிர்வு வரலாறு பெரும்பாலும் மூன்று நிகழ்வுகளைச் சுற்றியே எழுதப்பட்டுள்ளது: 1900 பிப்ரவரியில் ஏற்பட்ட கோயம்புத்தூர் நிலநடுக்கம், 1967 டிசம்பரில் கொய்னா அணைப்பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கம், 1993 செப்டம்பரில் லாத்தூர் மாவட்டத்தின் கில்லாரியை அழித்த நிலநடுக்கம். இவ்வரிசையில் கோலார் தங்கவயல் இடம்பெறுவதில்லை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதி முதலே அங்குள்ள பாறைகள் ஆழத்தில் வெடித்துச் சிதறின. அவற்றுட் பெரியவை நிலத்தின் மேலுள்ள கட்டடங்களையும் அசைத்தன. அவ்வதிர்வுகளை அளக்கவும் விளக்கவும் நடந்த முயற்சி, இந்திய நில அதிர்வியலின் வரலாற்றுக்கும் தமிழ்த் தொழிலாளர் வரலாற்றுக்கும் ஒருங்கே உரியது. இரண்டையும் இணைத்து வாசிக்கும் முயற்சி இன்னும் போதிய அளவில் நடைபெறவில்லை.

இடத்தின் பின்னணியைச் சுருக்கமாகக் கூறலாம். 1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன், மாரிக்குப்பம் பகுதி மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைப் பதிவு செய்தார். 1870களில் மைக்கேல் லாவெல் சுரங்க உரிமம் பெற்றார். 1880 முதல் இலண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றது. மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்கள் ஒரே வரிசையில் வடக்கு தெற்காக அமைந்தன. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களே அடித்தளத் தொழிலாளர்களில் பெரும்பான்மையினர். அவர்களுட் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் அங்கிருந்து சுமார் 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது.

அதிர்வுகளின் காரணம் நிலவியலில் தொடங்குகிறது. கோலார் பாறைப்பட்டை வடக்கு தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீண்டு, சில கிலோமீட்டர் அகலமே கொண்டது. கடினமான ஹார்ன்பிளெண்ட் பாறைகளுக்கிடையே பொன் கலந்த குவார்ட்ஸ் படிவங்கள் மெல்லிய தகடுகளாக இறங்குகின்றன. முதன்மைப் படிவமான சாம்பியன் லோடு மேற்பரப்பருகே மேற்கு நோக்கிச் சாய்ந்தும், ஆழம் செல்லச் செல்ல ஏறக்குறைய செங்குத்தாகவும் அமைந்துள்ளது. டோலரைட் சுவர்ப்பாறைகளும் பெக்மடைட் ஊடுருவல்களும், மைசூர் நார்த் ஃபால்ட் என அழைக்கப்படும் பிளவும் அதனைக் குறுக்கிடுகின்றன. தங்கத்தைத் தொடர்ந்து சென்ற சுரங்கங்கள் கீழ்நோக்கியே வளர்ந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டரைக் கடந்து, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று.

3 கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறத்தாழ 8,000 டன்னுக்கும் மேற்பட்ட பாறையின் எடை அழுத்துகிறது. பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. படிவத்தை வெட்டி எடுத்தவுடன் அது தாங்கிய சுமை மறைந்துவிடுவதில்லை. எஞ்சிய தூண்களுக்கும் வெட்டிடத்தின் விளிம்புகளுக்கும் அது இடம்பெயர்கிறது. மென்மையான பாறை மெல்ல நெகிழ்ந்து சுமையை விட்டுக்கொடுக்கும். கோலாரின் பாறையோ வலிமை மிக்கது, உடையக்கூடியது. தாங்கும் எல்லை வரை அழுத்தத்தைச் சேமித்து வைத்து ஒரே கணத்தில் சிதறும். இதுவே ராக் பர்ஸ்ட் என்னும் பாறைவெடிப்பு. வலிமையான பாறையே ஆபத்தான பாறையாயிற்று என்பதைச் சுரங்கப் பொறியாளர்கள் அனுபவத்தால் கற்றுக்கொள்ள நேர்ந்தது.

இந்நிகழ்வுக்கு முதலில் வழங்கிய பெயர் வேறு. மைசூர் அரசின் நிலவியல் துறைத் தலைவர் டபிள்யூ. எஃப். ஸ்மீத் 1904-இல் வெளியிட்ட துறை அறிக்கையின் தலைப்பே ‘கோலார் தங்கவயலின் ஏர் பிளாஸ்ட்களும் அதிர்வுகளும்’ என்ற பொருள் தருவது. பாறை திடீரெனச் சிதறும்போது சுரங்க வழிகளில் காற்று உந்தப்பட்டுப் பாய்கிறது. தொலைவில் நிற்பவர் முதலில் உணர்வது அக்காற்றையே. ஆகவே விளைவின் பெயர் நிகழ்வின் பெயராயிற்று. ‘ஏர் பிளாஸ்ட்’ என்ற சொல் புயலைப் போன்ற ஓர் இயற்கை நிகழ்வை நினைவூட்டுகிறது. ‘ராக் பர்ஸ்ட்’ என்ற சொல்லோ, எந்தப் பாறை, ஏன் அழுத்தத்திற்கு உள்ளாயிற்று, அதனைச் சுற்றி யார் எவ்வளவு வெட்டினர் என்னும் வினாக்களை எழுப்புகிறது. முதற்சொல்லிலிருந்து இரண்டாம் சொல்லுக்கு மாறிய தொலைவு, விபத்து என்ற கருத்திலிருந்து பொறுப்பு என்ற கருத்துக்கு மாறிய தொலைவுமாகும்.

தென்னாப்பிரிக்காவிலும் இதே மாற்றம் ஏற்பட்டது. ஜோஹன்னஸ்பர்க் நகரில் உணரப்பட்ட அதிர்வுகளை ஆராய 1908-இல் ஓபிர்டன் நிலநடுக்கக் குழு அமைக்கப்பட்டது. சுரங்கங்களில் விடப்பட்ட பாறைத்தூண்கள் மேற்சுமையால் நொறுங்குவதே காரணம் என்ற முடிவுக்கு அக்குழு வந்தது. 1924-இல் அமைக்கப்பட்ட குழுவின் பெயரில் ‘நிலநடுக்கம்’ என்பது மறைந்து ‘ராக் பர்ஸ்ட்’ இடம்பெற்றது. இரு நாடுகளின் சுரங்கங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே வகை ஆழத்தை நோக்கி, மலிவான உழைப்பைக் கொண்டு இறங்கியவை. அறிவியற் சொல்லின் ஒற்றுமைக்குப் பின்னால் இப்பொருளாதார ஒற்றுமையும் உள்ளது.

கருவிகளின் வரலாறு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 1897 ஜூன் 12-இல் ஏற்பட்ட அசாம் பெருநிலநடுக்கம் இந்தியாவில் கருவிவழி நில அதிர்வியலுக்குத் தூண்டுதலாயிற்று. அடுத்த சில ஆண்டுகளுக்குள் கொலாபா, அலிப்பூர், கோடைக்கானல் ஆகிய இடங்களில் மில்ன் வகை நில அதிர்வுமானிகள் நிறுவப்பட்டன. பழனி மலையுச்சியிலிருந்த கோடைக்கானல் கருவி தொலைதூர நிலநடுக்கங்களைக் கேட்கக் காத்திருந்தது. கோலாருக்குத் தேவைப்பட்டதோ காலடியில் நிகழும் அதிர்வுகளைக் கேட்கும் கருவி. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு வீசெர்ட் வகைக் கருவியொன்று வைக்கப்பட்டது. அது அதிர்வு நிகழ்ந்த நேரத்தையும் அதன் அளவையும் ஓரளவு காட்டியது. ஒரே கருவியால் ‘எப்போது’ என்று கூற முடியும். ‘எங்கே’ என்று துல்லியமாகக் கூறுவதற்குப் பல இடங்களில் வைத்த பல கருவிகள் வேண்டும். எந்தத் தளத்தில் பாறை சிதறியது என்பதை நெடுங்காலம் கருவிகளைக் காட்டிலும் உள்ளே நின்ற மனிதர்களே முதலில் அறிந்தனர்.

1960களின் நடுப்பகுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையம் கௌரிபிதனூரில் நில அதிர்வுக் கருவி வரிசையொன்றை நிறுவியது. தொலைநாடுகளின் நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டறிவதே அதன் முதன்மை நோக்கம். கோலாரின் பெரிய பாறைவெடிப்புகளும் அதில் பதிவாயின. 1970களின் இறுதியில் அம்மையத்தின் துணையுடன் தங்கவயலுக்கே தனி வலையமைப்பு உருவாயிற்று. நிலத்தின் மேலும் சுரங்கத்தின் உள்ளும் ஜியோஃபோன்கள் பொருத்தப்பட்டன. முதல் அலைகள் ஒவ்வொரு கருவியையும் வந்தடையும் நேர வேறுபாட்டைக் கொண்டு வெடிப்பின் இடம் கணக்கிடப்பட்டது. பெருவெடிப்புக்கு முன் நிகழும் நுண்ணதிர்வுகளின் எண்ணிக்கை மாறுவதை முன்னறிகுறியாகக் கொள்ள இயலுமா என்ற ஆய்வும் தொடர்ந்தது. 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் கோலார் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது.

இக்காலவரிசையைக் கவனிக்க வேண்டும். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி நீர்மின்சாரம் சுரங்கங்களுக்கு வந்து சேர்ந்தது. 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிவியலாளர்களும் வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தனர். உற்பத்திக்குத் தேவையான தொழில்நுட்பம் பாறைவெடிப்புகள் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே வந்துவிட்டது. அடிப்படை அறிவியலும் வந்துவிட்டது. சுரங்கத்தினுள் நிற்பவரின் உயிரைக் காக்க, வெடிப்பின் இடத்தைச் சொல்லும் வலையமைப்போ சுரங்கங்கள் மூடப்படுவதற்கு ஏறத்தாழ இரு பத்தாண்டுகளுக்கு முன்னரே உருவாயிற்று. தேவையான மின்னணுக் கருவிகள் முன்னர் இருக்கவில்லை என்பது இதற்கான விளக்கத்தில் ஒரு பகுதி. உயிரிழப்பைக் காட்டிலும் உற்பத்தி இழப்பு கணக்கேடுகளில் தெளிவாகத் தெரிந்தது என்பது மற்றொரு பகுதி.

கருவிகள் வருமுன் பாதுகாப்பே இல்லை என்று கூறுவதும் பிழை. மரத்தாங்கிகள், வெட்டிடங்களைக் கருங்கல்லால் அடைத்தல், பின்னர் கான்கிரீட்டால் நிரப்புதல், வெட்டும் வரிசையை மாற்றுதல் எனப் பல முறைகள் படிப்படியாகக் கையாளப்பட்டன. அவற்றுட் பலவும் வெடிப்புகளில் கிடைத்த அனுபவத்திலிருந்து பிறந்தவை. எந்தத் தூண் ‘பேசுகிறது’, எந்தச் சுவரிலிருந்து சில்லுகள் தெறிக்கின்றன என்பதைக் கவனித்த தொழிலாளரின் அறிவும் அவ்வனுபவத்தில் அடங்கும். ஆவணங்களில் அது மேற்பார்வையாளரின் பெயரிலோ பொறியாளரின் பெயரிலோ பதிவாகியிருக்கக்கூடும். சுரங்கத் தொழிலாளரின் அரசியல், சமய வாழ்வு குறித்து நல்ல ஆய்வுகள் உள்ளன. அவர்களுடைய நிலவியல் அறிவு குறித்து அத்தகைய ஆய்வுகள் தேவை.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரிறைப்பு நின்றபின் வெட்டிடங்களில் நீர் நிரம்பலாயிற்று. நீர் பாறைப் பிளவுகளுள் புகும்போது அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும் விசை குறைகிறது. நீர் நிரம்பிய பகுதிகளில் அதிர்வுகள் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். கொய்னாவில் நீர்த்தேக்கம் செய்ததை இங்குச் சுரங்க வெற்றிடம் சிறிய அளவில் செய்கிறது. உற்பத்தி முடிந்தவுடன் அதிர்வு முடிவதில்லை. அவ்வெற்றிடங்களுக்கு மேலும் அருகிலும் இன்றும் வாழ்பவர்கள் முன்னாள் தொழிலாளர்களின் குடும்பங்களே.

எனவே கோலாரின் நில அதிர்வு வரலாற்றை எழுத முனையும் மாணவர் மூன்று வகைச் சான்றுகளை ஒருசேர வைக்க வேண்டும்: கருவிகளின் பதிவுகள், மைசூர் அரசின் சுரங்க ஆய்வாளர் அறிக்கைகளிலுள்ள விபத்துக் குறிப்புகள், ஆழ்தளங்களில் பணியாற்றியவர்களின் வாய்மொழி. முதல் இரண்டும் காப்பகங்களில் ஓரளவு பாதுகாப்பாக உள்ளன. மூன்றாவதைத் தரவல்லவர்களில் இளையோர்கூட இன்று நடுவயதைக் கடந்துவிட்டனர். அதனைத் தொகுக்கும் பணியே முதலில் தொடங்கப்பட வேண்டும்.