மாமல்லபுரம் கற்சிற்பத் தொழில்

பல்லவர் காலப் பாறைச் செதுக்கல்களை முன்மாதிரியாகக் கொண்டு, செங்கல்பட்டு மாவட்டத்து மாமல்லபுரத்தில் கோயில் சிலைகளும் வீட்டு அலங்காரப் பொருள்களும் செய்யும் கைத்தொழில்.

பாறையைக் குடைந்து கோயில் எடுக்கும் மரபை 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொண்டை மண்டலத்தில் வளர்த்தவன் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றிக் கோயில் அமைத்ததை அவனது மண்டகப்பட்டுக் கல்வெட்டு பெருமையோடு பதிவு செய்கிறது. பல்லாவரத்துக் குடைவரையும் அவன் காலத்ததே.

மாமல்லபுரத்தின் தலையாய படைப்பு, அருச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கிய காட்சி என்றும் இருவிதமாகப் பொருள் கொள்ளப்படும் புடைப்புச் சிற்பம். நீளம் ஏறத்தாழ 27 மீட்டர், உயரம் 9 மீட்டர். பாறையில் இயல்பாக இருந்த பிளவையே சிற்பிகள் ஆறாக்கிவிட்டார்கள். தெய்வ உருவங்களுக்கு உறுப்பளவுகளை வரையறுக்கும் தாளமானக் கணக்கு உண்டு; விலங்குகளிடம் சிற்பியின் கை கட்டின்றி ஓடியிருக்கிறது. குட்டிகளோடு நிற்கும் யானை, தவம் செய்யும் பூனை, அதன் அருகே எலிகள் என எல்லாம் கண்ணெதிரே கண்டு வடித்தவை போலவே உள்ளன. இன்று வரவேற்பறைக்கு வந்து சேரும் கல்யானைகளின் மூதாதை இந்தப் பாறையில்தான் நிற்கிறது.

பல்லவர் உளி அன்றுமுதல் இவ்வூரில் ஓயாமல் ஒலித்து வந்ததாகச் சொல்வது மிகை. இன்றைய தொழிலுக்கு வித்திட்டது 1957இல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சிப் பள்ளி. அதை முதலில் வழிநடத்தியவர் பிள்ளையார்பட்டிச் சிற்பக் குடும்பத்தைச் சேர்ந்த வைத்தியநாத ஸ்தபதி. பின்னர் அவர் மகன் வை. கணபதி ஸ்தபதி. குமரிமுனைத் திருவள்ளுவர் சிலையை வடிவமைத்தவர் இவரே. பள்ளி வளர்ந்து கல்லூரியாயிற்று. அங்கே பயின்றவர்கள் ஊரிலேயே பட்டறை போட்டார்கள்.

1984இல் மாமல்லபுரத்துப் படைப்புகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபின் வெளியூர்க் கூட்டம் பெருகியது. கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு உருவங்கள், கல்விளக்கு, பூ மிதக்கவிடும் தொட்டி, தோட்ட இருக்கை ஆகியவை கோயில் சிலைகளோடு பட்டறையில் இடம்பிடித்தன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னைப் புறநகர்களில் வாழ்வோருக்கும் இவ்வூர் ஒருநாள் பயணத்தில் போய் வாங்கிவரும் தொலைவுதான். சிறு பொருள்களுக்கு மென்மையான மாவுக்கல், பெரியவற்றுக்குக் கருங்கல். இக்கற்சிற்பங்கள் 2017இல் புவிசார் குறியீடு பெற்றன.

  

இன்று உளியும் சுத்தியலும் நுண்வேலைக்கே மிஞ்ச, கல்லை அறுத்து உருத்திரட்டுவது மின்கருவி. அது கிளப்பும் கருங்கல் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலை மீளாதபடி கெடுக்கும். நீர் விட்டு அறுப்பதும் தகுந்த முகக்கவசமும் ஒவ்வொரு பட்டறையிலும் கட்டாயமாக வேண்டும்.