தேயிலை மலையில் தொண்டைக்கரப்பன்

ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில், பனியும் விறகுப் புகையும் ஒருங்கே தங்கிய லயத்துக் காம்பராக்களில், குழந்தையின் இருமல் சகஜமானதென்றே கருதப்பட்ட அக்காலத்தில், மூச்சை உள்ளிழுக்கும்போது மாத்திரம் கரகரவென்று எழும் சப்தம் தொண்டைக்கரப்பன் என்னும் டிப்தீரியா நோயின் அறிகுறியாகவும் இருக்கலாமென்பதைத் தாய்மார் அறிந்திருப்பது பிராணரக்ஷையாயிற்று.

வெளிவிடும் மூச்சில் கேட்கும் இழுப்பு பெரும்பாலும் நெஞ்சுக்குள்ளே பிறப்பது. உள்ளிழுக்கையில் எழும் ஒலியோ, தொண்டையில் படர்ந்த சாம்பல்நிறச் சவ்வு சுவாசமார்க்கத்தை நெருக்குவதைத் தெரிவிப்பதாகவும் இருக்கலாம். களைத்துப்போன குழந்தையிடம் அவ்வொலி ஓய்ந்தால் அது சுகமன்று, பேராபத்து. இதனை எத்தனை முறை சொன்னாலும் தகும். குழந்தையை அழவிடாமல், படுக்கவைக்காமல், தாய்மடியில் நிமிர்த்தி வைத்து, நாக்கை அழுத்திப் பாராமல், வைத்தியசாலைக்கு விரைவதே உசிதம்.

1872, 1912ஆம் ஆண்டுகளின் வைத்தியத் தேவைச் சட்டங்கள் தோட்டத் தொழிலாளரின் சிகிச்சைக்கென இயற்றப்பட்டவையே. எனினும், மூச்சுத் திணறும் குழந்தைக்கு மலைப்பாதையின் தூரமே முதற்சத்துரு. விஞ்ஞானிகளான பேரிங்கும் கிதசாதோவும் 1890இல் வெளியிட்ட விஷமுறிவு ஆராய்ச்சியின் பயனான மருந்தும், குரல்வளைக்குக் கீழே துளையிடும் சத்திரசிகிச்சையும் வைத்தியசாலையை அடைந்தோர்க்கே உதவின. 1961இல் முக்கூட்டுத் தடுப்பூசியும், 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டமும் வந்தபின், அந்நோய் இலங்கையில் படிப்படியாக அருகியது.